பன்னிரண்டு வோல்ற்றும் நாலு ஓமும்

வீட்டில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. பெரும்பாலும் 8 ஓம் என்று எழுதியிருக்கும். கார்க் கதவுக்குள் இருக்கிற ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் 4 ஓம். இரண்டுமே கடதாசிக் கூம்பு, ஒரு காந்தம், ஒரு செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். பிறகேன் இந்த வித்தியாசம்?

கேட்டால் கனபேர் சொல்லுகிற பதில், "கார் ஸ்பீக்கர் பவர் கூட" என்பது. அது சரியில்லை. 4 ஓம் என்பது ஸ்பீக்கரின் பலம் அல்ல, காரின் பலவீனம். ஒரு பற்றரிக்குள் 12 வோல்ற்றுக்கு மேல் இல்லாத குறையைச் சமாளிக்க வந்த எண் அது. அந்தக் கதையைத் தெரியாதபடியால்தான் எங்கட பெடியள் ஸ்பீக்கருக்கும் அம்ப்ளிபையருக்கும் பொருத்தம் பார்க்கிறோம் என்று நூறு நூறு டொலராகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள், இன்னமும் கொட்டுகிறார்கள். ஆகவே கொஞ்சம் பழங்கதை.

1930இல் சிக்காகோவில் போல் கல்வின் என்பவரின் நிறுவனம் 5ரி71 என்ற கார் றேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பூட்டுக்கூலியோடு 110 முதல் 130 டொலர் வரை. ஃபோர்ட்டின் மொடல் ஏ கார் சுமார் 500 டொலருக்கு விற்ற காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1932இல், ஜேர்மனியில் பின்னாளில் ப்ளாவ்புங்க்ற் என்று பெயர் மாறிய நிறுவனம் ஐரோப்பாவின் முதல் கார் றேடியோவைச் செய்தது. அது 15 கிலோப் பாரம். றேடியோ என்று சொல்லுவதைவிட அரிசி மூட்டை என்று சொல்லலாம்.

இவை எல்லாம் வால்வு றேடியோக்கள். வால்வு வேலை செய்ய 200 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். அந்தக் காலத்துக் கார்ப் பற்றரியோ 6 வோல்ற். முதலில் காரின் தரைக்குக் கீழே தனிப் பற்றரிகளை அடுக்கிப் பார்த்தார்கள். பிறகு 'வைபிரேற்றர்' என்ற சின்னத் தகரக் குப்பி வந்தது. உள்ளே ஒரு மெல்லிய உலோக நாக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, 6 வோல்ற் நேர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி ட்ரான்ஸ்ஃபோமருக்கு அனுப்பும். மறுபக்கம் 200 சொச்சம் வோல்ற் வரும். பழைய கார் றேடியோவைப் போட்டதும் பாட்டுக்கு முதல் ஒரு ரீங்காரம் கேட்கும் என்பார்களே, அது இந்த நாக்கின் சத்தம். இந்த வைபிரேற்றரை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு திரும்ப வருவார்.

'மேட்சிங்' என்ற சொல் பிறந்ததும் இந்த வால்வுக் காலத்தில்தான். 6வி6 என்று ஒரு வால்வு, 1930களின் நடுப்பகுதியில் வந்தது, கார் றேடியோக்களிலும் இருந்தது. அதன் முன்னால் ஏறத்தாழ 5000 ஓம் சுமை நின்றால்தான் அது தன்னுடைய நாலரை வாற்றை ஒழுங்காகக் கொடுக்கும். ஸ்பீக்கரின் சுருளோ நாலு ஓம். நடுவில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இருந்து, ஒரு பக்கம் சுற்று கூட, மறுபக்கம் சுற்றுக் குறைய, 35க்கு 1 என்ற கணக்கில், நாலு ஓமை ஐயாயிரம் ஓம்போல வால்வுக்குக் காட்டும். ஒருவகைத் தரகர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று, அவருக்கு இவரையும் இவருக்கு அவரையும் ஏற்றமாதிரிக் காட்டிக் கலியாணத்தை ஒப்பேற்றுகிறவர். இங்கே பொருத்தம் உண்மையான பொருத்தம். எண் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு றேடியோவைப் பெரிதாகப் போட்டால் ட்ரான்ஸ்ஃபோமரே எரிந்துபோகலாம்.

1950களின் நடுவில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வந்தன. அமெரிக்கக் கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறின. 1955இல் கிறைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாமல் முழுக்க ட்ரான்சிஸ்டரால் ஆன கார் றேடியோவை அறிவித்தன. 1956ஆம் ஆண்டு மொடல் இம்பீரியல் காருக்கு 150 டொலருக்கு அதை வாங்கலாம். ட்ரான்சிஸ்டருக்கு 200 வோல்ற் தேவையில்லை, பற்றரியில் உள்ளதே போதும். வைபிரேற்றர் வேலையிழந்தார்.

ஆனால் எல்லோரும் உடனே நாலு ஓமுக்கு வந்துவிடவில்லை. ஜெனரல் மோட்டர்ஸின் டெல்கோ றேடியோக்கள் கன காலம் 10 ஓம் ஸ்பீக்கரைத்தான் பாவித்தன. அந்தக் கார்களில் பழைய ஸ்பீக்கர் கிழிந்துபோனால் ஆட்கள் கடைக்குப் போய்ப் பளபளப்பான நாலு ஓம் ஸ்பீக்கரை வாங்கிப் பூட்டுவார்கள். கொஞ்ச நாள் நல்லாகப் பாடும். பிறகு றேடியோவின் கடைசி ட்ரான்சிஸ்டர் சூடாகிச் செத்துப்போகும். தடை பாதிக்கும் கீழே போனால் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். சத்தம் கூடினதைச் சந்தோசமாகக் கேட்டவருக்கு அது எங்கேயிருந்து வருகிறதென்று தெரியாது. கார் ஓடியோவில் இன்றுவரை நடக்கிற எல்லா எரிப்புகளுக்கும் இதுதான் மூலக்கதை.

1960களின் கடைசியிலும் 1970களிலும் தரகரும் போய்விட்டார். ட்ரான்ஸ்ஃபோமர் பாரம், விலை, இடம் எல்லாம் பிடிக்கிற சாமான். அது இல்லாமலே ட்ரான்சிஸ்டரையும் ஸ்பீக்கரையும் நேரே இணைக்கப் பழகிவிட்டார்கள். அங்கேதான் அந்த 12 வோல்ற் மூஞ்சியில் அடித்தது. கணக்கு சின்னது, செய்து பார்ப்போம். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 14.4 வோல்ற் என்று வையுங்கள். ஒலி அலை அதன் நடுவிலிருந்து மேலே 7.2, கீழே 7.2 வரைதான் போகலாம். அதன் ஆர்எம்எஸ் அளவு ஏறத்தாழ 5.1 வோல்ற். வோல்ற்றை வோல்ற்றால் பெருக்கி ஓமால் பிரித்தால் வாற். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 வாற். 4 ஓமுக்கு 6.5 வாற். இது ஒரு சொட்டும் வீணாகாத கற்பனை உலகத்தில். வீட்டு அம்ப்ளிபையர் செய்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை. சுவரில் இருந்து வருகிற மின்சாரத்தை ட்ரான்ஸ்ஃபோமரில் போட்டு 60 வோல்ற் வேண்டுமென்றாலும் எடுக்கலாம். அவர் எட்டு ஓமோடு நிம்மதியாக இருக்கலாம். காருக்குள் வோல்ற்றைக் கூட்ட வழியில்லை, ஆகவே ஓமைக் குறைத்தார்கள்.

இத்தாலிய எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் ரிடிஏ2003 என்ற ஐசி, றேடியோ திருத்தின ஆட்களுக்கு நல்லாகத் தெரியும். ஐந்து கால், முதுகில் ஒரு தகடு. 14.4 வோல்ற்றில் 4 ஓமுக்கு 6 வாற், 2 ஓமுக்கு 10 வாற் என்று அதன் தரவுத்தாள் சொல்லும். அதுவும் பத்து வீதம் ஒலி சிதைவை அனுமதித்த பிறகு. ஒரு காலத்துக் கார்க் கசற் செற்றுகளின் உண்மையான பலம் அந்த அளவுதான்.

ஆறு வாற் என்றால் சிரிக்கவேண்டாம். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோன பிறகு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்த காலத்தில், ஆரிடமாவது ஒரு பழைய கார்ப் பற்றரியும் காரிலிருந்து கழற்றின கசற் செற்றும் இருந்தால் அந்த வீட்டு முற்றத்தில் பாட்டுக்குக் குறைவில்லை. ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைப்பார்கள். கூம்பின் பின்பக்கம் வருகிற அலை முன்பக்க அலையோடு மோதி அடித்தொனியை அழித்துவிடும். பானை அதைப் பிடித்து அடைத்துவைக்கும். பெட்டி செய்கிற பெரிய நிறுவனங்கள் எழுதுகிற விளக்கமும் இதேதான். அந்த ஆறு வாற் ஒழுங்கை முடக்கு வரை கேட்டது. ஸ்பீக்கரின் உணர்திறன் நல்லாக இருந்தால் வாற் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் 90 டெசிபெல் தருகிற ஸ்பீக்கர் பத்து வாற்றுக்கு 100 தரும். அம்ப்ளிபையரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் கூட்டியிருக்கினம்போல" என்கிற அளவு.

ஆறு வாற்றை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. அடுத்து வந்தது 'பிரிட்ஜ்' முறை. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு அம்ப்ளிபையர். ஒன்று ஒரு வயரை மேலே தள்ளும்போது மற்றது மற்ற வயரைக் கீழே இழுக்கும். இப்போது முழு 14.4 வோல்ற்றும் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும். வோல்ற் இரட்டிப்பானால் வாற் நாலு மடங்கு. 4 ஓமுக்கு கணக்குப்படி 26 வாற், நடைமுறையில் 20 அளவில். இதற்கொரு பக்கவிளைவு இருந்தது. பழைய கார்களில் ஸ்பீக்கரின் ஒரு வயரைக் காரின் இரும்பு உடலிலேயே பூட்டிவிடுவது வழக்கம். பிரிட்ஜ் செற்றில் இரண்டு வயருமே உயிருள்ளவை. பழைய காருக்குப் புதுச் செற் வாங்கி, பழைய வயரிலேயே இணைத்துப் போட்ட கையோடு ஐசியை எரித்த ஆட்கள் ஏராளம்.

சரி, உண்மை 20 வாற். பெட்டியில் மட்டும் 50 வாற், நாலு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 200 வாற் என்று எப்படி வருகிறது? இதையும் கணக்கே சொல்லும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் பிரியுங்கள். 51.8. அதாவது பாட்டின் வளைந்த அலையை விட்டுவிட்டு, மேலும் கீழும் தட்டையாக வெட்டின சதுர அலையை அனுப்பினால் வருகிற எண். அந்த அலையில் பாட்டு இல்லை, இரைச்சல்தான் இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. எங்கட ஊர் அரசியல் அறிக்கைகள் போல.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் அம்ப்ளிபையர் வாற்றை எப்படி அளந்து விளம்பரப்படுத்தவேண்டும் என்று விதி போட்டது. வீட்டுச் சாமான்களில் நடந்த வாற் மோசடி அதற்குப் பிறகு குறைந்தது. ஆனால் அந்த விதி வீட்டுக்கு மட்டுந்தான், காருக்கு இல்லை. இந்த ஓட்டைக்குள்ளால் ஒரு முழுத் தொழிலே உள்ளே வந்தது. 2003இல்தான் தொழில்துறையினரே சேர்ந்து சிஇஏ-2006 என்ற அளவை முறையைக் கொண்டுவந்தார்கள். 14.4 வோல்ற், 4 ஓம், ஒரு வீதத்துக்கு மேல் போகாத சிதைவு. அதுவும் விரும்பினவர் பின்பற்றலாம் என்ற வகை. நடுவில் போன அந்த 29 வருடங்களில்தான் நாங்கள் இந்த நாடுகளுக்கு வந்து இறங்கினோம்.

20 வாற்றைத் தாண்டவேண்டுமென்றால் 12 வோல்ற்றையே தாண்டவேண்டும். 1973இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் ஜிம் ஃபொஸ்கேற் என்பவர் காருக்கென்று தனியாக ஒரு பெரிய அம்ப்ளிபையரைச் செய்தார். பிறகு றொக்ஃபோர்ட் ஃபொஸ்கேற் என்ற பெயரில் உலகம் அறிந்தது. இந்த வகை அம்ப்ளிபையர்களின் வயிற்றைத் திறந்தால், பற்றரியின் நேர் மின்னோட்டத்தைட் ட்ரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுகின்றன, ஒரு வளைய ட்ரான்ஸ்ஃபோமர் அதை உயர்த்துகிறது. நம்முடைய வைபிரேற்றரேதான். நாக்குக்குப் பதிலாக சிலிக்கன்.

அதற்கு நேர்மாறான வழியில் போனவர் அமர் போஸ். இவருடைய தகப்பன் வங்காளத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறை போய், 1920இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்த மனிதர். அகதியின் மகன் என்று சொன்னால் பிழையில்லை. யுத்த காலத்தில் குடும்பத்துக்கு உழைக்கப் பள்ளிக்கூட வயதிலேயே பிலடெல்பியாவில் றேடியோ திருத்தினவர். 1983ஆம் ஆண்டு மொடல் கடிலாக் போன்ற கார்களுக்காக டெல்கோவும் போஸும் சேர்ந்து செய்த ஒலி அமைப்பில், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பக்கத்திலேயே அதற்கான அம்ப்ளிபையரும் இருந்தது. போஸ் கார் ஸ்பீக்கர்களில் சில ஒரு ஓமுக்கும் குறைந்தவை. வோல்ற்றைக் கூட்டாதே, ஓமை இன்னும் இறக்கு என்ற வழி. அதனால்தான் பழைய போஸ் செற் உள்ள காரில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிட்டுச் சாதாரண 4 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் முனகலாகிவிடும். சாமான் பழுது இல்லை, இரண்டு பேரும் வேறு வேறு சாதகம்.

பிறகு ஒரு வேடிக்கை. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் கார் ஒலிப் போட்டிகள் சூடுபிடித்தன. 4 ஓமில் எத்தனை வாற் என்று அம்ப்ளிபையரில் எழுதியிருக்கிறதோ அதை வைத்து வகுப்புப் பிரிப்பார்கள், குத்துச்சண்டைக்காரரின் நிறை போல. நிறுவனங்கள் யோசித்தன. ஓறியன் 225 எச்சிசிஏ என்ற அம்ப்ளிபையர் ஒரு பக்கத்துக்கு வெறும் 25 வாற் என்று எழுதிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை வகுப்பில் இருந்தது. ஆனால் அது அரை ஓம் வரைக்கும் தாங்கும்படி கட்டப்பட்டது. ஓம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் வாற் இரட்டிக்கும். 25, 50, 100, அரை ஓமில் 200. 'ஏமாற்று அம்ப்' என்றே அவற்றுக்குப் பட்டப்பெயர். சாதாரணச் சந்தை வாற்றைக் கூட்டி எழுதி ஏமாற்றியது, போட்டிச் சந்தை குறைத்து எழுதி ஏமாற்றியது. அந்த நாளிலிருந்து ஓமைக் குறைப்பது ஒரு வீரமாகிவிட்டது.

அந்த வீரம் ஸ்காபரோவுக்கு வந்தது 1990களின் நடுவில். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து எடுத்த முதல் சம்பளங்களில் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று, பின்பெட்டிக்குள் இரண்டு 12 அங்குல சப்வூஃபர். தகப்பன்மார் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. பெயரை ஒழுங்காக உச்சரிக்கவும் மறுக்கிற ஊரில், ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற முப்பது வினாடிக்காவது இளையராஜாவின் பேஸ் கித்தாரால் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கிற ஆசை விளங்காதா என்ன. எனக்குக் கோபம் விற்றவர்கள்மேல்தான். இரண்டு சுருள் உள்ள, சுருளுக்கு 4 ஓமான சப்வூஃபர் இரண்டை எடுத்து நாலு சுருளையும் பக்கத்துக்குப் பக்கம் இணைத்தால் ஒரு ஓம். அதை, பிரிட்ஜ் போட்டால் 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று கையேட்டில் அச்சடித்திருக்கிற அம்ப்ளிபையரில் பூட்டிக் கொடுத்த கடை ஒன்றை எனக்குத் தெரியும். பிரிட்ஜில் ஒவ்வொரு பக்கமும் பாதியைத்தான் பார்க்கும். அந்தப் பெடியனின் அம்ப்ளிபையர் பார்த்தது அரை ஓம். மூன்று கிழமை தாங்கியது. "வயர் மெல்லிசு தம்பி" என்று சொல்லி வயரும் விற்று, இரண்டாவது அம்ப்ளிபையரும் விற்றார்கள். அதே நாலு சுருளை ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் தொடராக இணைத்து 8 ஆக்கி, பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்திருந்தால் சரியாக 4 ஓம். ஒரு சதச் செலவில்லை.

இந்த இடத்தில்தான் 'மேட்சிங்' என்ற சொல் செய்கிற அநியாயம். ட்ரான்ஸ்ஃபோமர் போன பிறகு பழைய பொருத்தம் என்று ஒன்று இல்லை. இன்றைய அம்ப்ளிபையருக்கு ஒரு தரை இருக்கிறது, அதற்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான். மேலே எவ்வளவும் போகலாம். 2 ஓம் வரை தாங்கும் அம்ப்ளிபையரில் 8 ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் குறையும், ஒன்றும் எரியாது. 4 ஓம் என்பதே ஒரு செல்லப் பெயர். மீற்றரில் அளந்தால் 3.2, 3.5 என்று காட்டும். பாட்டு ஓடும்போது தொனிக்குத் தொனி மாறி, ஒத்ததிர்வு வருகிற இடத்தில் 20, 30 ஓமுக்கும் ஏறும். கூம்பு ஆடுகிறபோது அந்தச் சுருள் தானே ஒரு டைனமோவாகி எதிர்ப்பதால் அப்படி.

வாற் பொருத்தத்திலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. அம்ப்ளிபையர் சின்னதென்றால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். 20 வாற் செற்றை முழுக்கத் திருகினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். முழுக்கச் சதுரமானால் 20 வாற் 40 ஆகிவிடும். வெட்டின விளிம்பிலிருந்து புதிதாகப் பிறக்கிற உயர்தொனிகள் நேரே சின்ன ட்வீற்றரில் போய் விழும். முதலில் சாவது ட்வீற்றர்தான். ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் எண்ணுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ உள்ள அம்ப்ளிபையரை வாங்கி, குரல் கரகரக்கத் தொடங்குகிற இடத்துக்கு முதல் நிறுத்துவது மேல். 'பீக்', 'மக்ஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம். உணர்திறன் எண்ணைப் பார்க்கும்போதும் கவனம். ஒரு வாற்றுக்கு அளந்ததா, 2.83 வோல்ற்றுக்கு அளந்ததா என்று பாருங்கள். 8 ஓமுக்கு 2.83 வோல்ற் ஒரு வாற். 4 ஓமுக்கு அது இரண்டு வாற். மூன்று டெசிபெல் சும்மா கூடிவிடும்.

பெடியனுக்கு விற்ற வயரைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கடைக்காரர் சொன்ன காரணம் பொய், ஆனால் வயர் முக்கியமில்லை என்று நினைக்கவேண்டாம். 500 வாற் கொடுக்கிற பழைய வகை அம்ப்ளிபையர் அறுபது வீத வினைத்திறனில் பற்றரியிலிருந்து 55, 60 அம்பியர் இழுக்கும். அடி விழும்போதெல்லாம் முன்விளக்கு மங்குவது அதனால்தான். ஸ்பீக்கர்ப் பக்கத்தில் 2 ஓம் சுமைக்கு 0.2 ஓம் வயர் போட்டால் பதினொன்றில் ஒரு பங்கு வயரிலேயே சூடாகிப் போய்விடும். 8 ஓமுக்கு அதே வயர் நாற்பதில் ஒரு பங்குதான் தின்னும். ஓமைக் குறைக்கிறவர் வயரில் கட்டணம் கட்டவேண்டும்.

இப்போது அந்த 12 வோல்ற்றே ஆட்டங்காணுகிறது. 2023 நவம்பரில் ரெஸ்லா கொடுக்கத் தொடங்கின சைபர்ட்ரக் வண்டியில் 12 வோல்ற் செய்துவந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ற். அதே பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 48 வோல்ற்றை அப்படியே பிரிட்ஜ் முறையில் கொடுத்தால் ஆர்எம்எஸ் ஏறத்தாழ 34 வோல்ற். வளைய ட்ரான்ஸ்ஃபோமரும் வேண்டாம், வைபிரேற்றரும் வேண்டாம், வீட்டிலிருக்கிற சாதாரண 8 ஓம் ஸ்பீக்கருக்கு 144 வாற்.